நடுக்குரல்

கண்ணாடிக் கூண்டுக்குள் அவளை உட்காரவைத்து, தலையில் கனமான ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்திருந்தார் காது மெஷின்காரர். "சத்தம் கேட்டா அழுத்துங்கம்மா. ரொம்ப மெல்லிசா கேட்டாக்கூட அழுத்தலாம், யோசிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்தவை எல்லாம் தணிந்த, உருண்டையான சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் சட்டுச்சட்டென்று அழுத்தினாள். அழுத்தும்போதே அது எந்த ஸ்வரம் என்றும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பதினாறு வயதில் வயலினைக் கையில் எடுத்தவள், இப்போது அறுபத்திரண்டு. காதுப் பரீட்சையில் தன்னைத் தோற்கடிக்க இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும் என்றுகூட நினைத்தாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எதையோ திருகினார், எதையோ குறித்தார், மறுபடி திருகினார். மெஷின் மக்கர் பண்ணுகிறது போலிருக்கிறது, பாவம், சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள். நாலைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன சார், மெஷின் நின்னு போச்சா?"

"இல்லம்மா" என்றார் அவர். "ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவர் காட்டிய தாளில் ஒரு கோடு பாதி தூரம் சமதளமாக வந்து, அப்புறம் படியிறங்குவதுபோல் இறங்கியிருந்தது. தணிந்த சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, உச்சமான சத்தங்கள்தான் போய்விட்டன, வயசானால் சகஜம், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றார். அவள் பயப்படவில்லை. கணவரின் வாயை அடைக்கத்தான் அங்கே வந்திருந்தாள். போன மாதம் அவர் சாவியை மறந்துவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்து கால்மணி நேரம் அழைப்பு மணியை அடித்திருக்கிறார். அவள் கதவுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். பதினாலு நிமிடத்தைப் பதினைந்து என்றுகூடச் சொல்லமாட்டார். கால்மணி நேரம் என்றால் கால்மணி நேரம்தான்.

காதில் மாட்டிக்கொள்ளும் மெஷின் வந்த முதல் நாள் சாயந்திரம், தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்ததற்காக அவரை இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் எழுந்து பாட்டிலை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"'கிழவிக்கு வேற வேலை கிடையாது'ன்னீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை வருடமாக இந்த வசதியை அனுபவித்து வந்தாரோ தெரியாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு உலகத்தில் கேட்பதற்கு வேறு நிறைய இருந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகியது. தன் செருப்பே தரையில் இப்படித் தேய்கிறதா என்று அவள் இரண்டு தடவை நடந்து பார்த்தாள். கடைசியாக வயலினை எடுத்தாள்.

அது தகர டப்பாவில் ஆணியால் கீறினதுபோல் இருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பது அவள் தொழில். இருபத்தொன்பது வருடமாக அந்த வேலைதான். கண் டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் பார்த்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி கண்ணாடியை அரைத்து, விளிம்பை மழித்து, ஒளியில் பிடித்துப் பார்த்து உறைக்குள் போட வேண்டும். மயிரிழை பிசகினால் போட்டுக்கொண்டவருக்குத் தலைவலி வரும். கடையில் அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற இடங்களுக்கும் அந்தப் பெயரே தொத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவளும் இன்னும் இரண்டு பேரும், குழந்தைகள் கிளினிக் ஒன்றின் காத்திருப்பு அறையில் கூடி வாசிப்பார்கள். ஒருத்தி அந்தக் கிளினிக்கின் நர்ஸ், நாற்பது வயது, இரண்டாம் வயலின். சாவி அவளிடம்தான் இருந்தது. இன்னொருவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வயலினைவிடப் பல மடங்கு பெரிதான, அடிக்குரல் வாத்தியமான செல்லோ வாசிப்பார், அவருக்குப் பெயரே சர்வேயர்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குழந்தைகளை எடைபோடும் தராசின்மேல் நோட்ஸ் கட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாக வாசிக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தின் சின்னக் கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. நாற்பது பேர் வருவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஆசையும் இல்லை, ஆளும் இல்லை. மெட்டை வாசிக்கிற முதல் வயலின் எப்போதும் அவள்தான். அதைப்பற்றி யாரும் பேசியதே கிடையாது.

தகர டப்பா சமாச்சாரத்தை மறுநாளே காது மெஷின்காரரிடம் கொண்டுபோனாள், வயலினோடு. பேச்சைக் கேட்பதற்காகச் செய்த மெஷின் அது, சங்கீதத்துக்கு வேறு மாதிரி வைக்கவேண்டும் என்று சொல்லி அவர் கம்ப்யூட்டரில் ஏதேதோ மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் கொஞ்சம் வாசித்தாள். நாலாவது தடவை தகரம் போய்விட்டது. மர வாசனை அடிக்கிற மாதிரி அவள் வயலின் திரும்பி வந்தது. ஆனால் மேல் தந்தியில் கை ஏறஏற ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது, இடம்தான் தப்பாக இருந்தது.

"உங்க மெஷின் ஸ்ருதியை மாத்துது சார்."

அவருக்குச் சங்கீதம் தெரியாது. மறுத்துப் பேசவும் வரவில்லை. போனில் ஸ்ருதி பார்க்கிற ஆப் ஒன்று இருந்தது, அதைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ஸ்ருதி சேர்ந்தால் அதன் முள் நடுவில் நிற்கும், குறைந்தால் இடது பக்கம் சாயும். "வாசிங்கம்மா, பாப்போம்" என்றார். அவள் மேல் தந்தியில் ஒவ்வொரு ஸ்வரமாக ஏறினாள். அவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, அவளுக்கு அது என்ன செய்யும் என்று கொஞ்சமும் தெரியாமல் சொன்னார்.

"முள்ளு நடுவுக்கு வரவே மாட்டேங்குதும்மா. இடது பக்கமே நிக்குது. மேல போகப்போக இன்னும் இடது."

அவள் மெஷின்களைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதே ஸ்வரங்களை மறுபடி வாசித்தாள். வெறும் காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது. வழக்கம்போல அழகாகக்கூட இருந்தது. முள் இடது பக்கமே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினைப் போட்டுக்கொண்டு, தலைமுடியால் மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அவர்களுக்குப் பழகிய ஒரு துண்டை எடுத்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில் இரண்டு வயலினும் ஜோடி சேர்ந்து மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் நர்ஸின் வில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் போயிற்று, சத்தமே இல்லை. சர்வேயர் மாத்திரம் கீழே சற்று ஓங்கி வாசித்தார். தாளத்தில் எட்டு அடி தாண்டி, லென்ஸக்காவின் கை கீழே இறங்கியதும் நர்ஸ் மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள். இதை லென்ஸக்கா முன்பே கவனித்ததுண்டு. 'மேல போகும்போது உனக்குத் தைரியம் போயிடுது, அதான் உன் குறை' என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள். அவளும் 'சரிக்கா' என்று கேட்டுக்கொள்வாள். இன்றைக்கு அந்த எட்டு அடியில் தான் ஒருத்தி மட்டும் வாசிப்பதையும், எங்கே வாசிக்கிறோம் என்பதையும் அவள் கேட்டாள். வில்லைத் தூக்கினாள்.

"எத்தனை நாளா?"

சர்வேயர் நோட்ஸ் தாளின் மூலையை நேராக்கினார். எதையும் அளக்காமல் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ரெண்டே கால் வருஷம் இருக்கும்" என்றார்.

"ஏன் சொல்லலை?"

நர்ஸ் அழுதுவிடுவாள்போல் இருந்தாள். "எப்படிக்கா சொல்றது? நீங்க அவ்வளவு சந்தோஷமா வாசிக்கறீங்க."

"ரெண்டே கால் வருஷமா ரெண்டு பேரும் சேந்து எனக்குக் காது குத்தியிருக்கீங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் வார்த்தை போய் விழுந்த இடம் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அவள் வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, வில்லைத் தளர்த்தி, எதையும் அவசரப்படாமல் செய்து, சர்வேயருக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மூன்று வாரம் அவள் வயலினைத் தொடவில்லை. கடைக்குப் போனாள், வந்தாள். மற்றவர்கள் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் லென்ஸை ஒளியில் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் நூலகக் கூடம் ஞாபகம் வந்தது. போன வருடம் அவள் வாசித்து முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண்மணி பலமாகத் தலையாட்டிக் கைதட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு இப்போது என்ன அர்த்தம் வைப்பது? அதற்கு முந்தைய வருடம் ஒருவர் நிகழ்ச்சி முடிந்து வந்து 'இந்த வயசுல இவ்வளவு ஆர்வமா!' என்றார். அப்போது அது பாராட்டாக இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அரைக்க அரைக்க அவமானம்தான் மிஞ்சியது. அவமானத்துக்குக்கூட ஒரு அளவு உண்டு. மூன்றாவது வாரத்தில் அதுவும் சலித்துப் போயிற்று.

ஒரு நாள் சாயந்திரம் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார்.

"ஏம்மா, வாசிக்கலையா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, நீ ஆரம்பிச்சா ஆறு மணி, நான் நடக்கக் கிளம்புவேன். இப்ப எப்பக் கிளம்பறதுன்னே தெரியலை."

"என் வாசிப்புக்குப் பயந்துதான் வெளிய போனீங்களா இத்தனை வருஷமும்?"

"சேச்சே. மணி பாக்க வேண்டியதில்லை, அதான்."

அவள் அவரையே பார்த்தாள். "நான் தப்பா வாசிச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"எனக்கு நீ சரியா வாசிச்சாலே தெரியாதே" என்றார் அவர். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அந்த மூன்று வாரத்தில் அவள் காதில் விழுந்த பேச்சுகளிலேயே அதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மனம் விட்டுவிட்டதென்றாலும் கை விடவில்லை. லென்ஸ் மெஷின் சுற்றும்போது ஒரே ஸ்வரத்தில் ரீங்காரம் போடும். அதன்மேல் அவள் இடது கை விரல்கள் மேஜை விளிம்பில் அழுந்தி அழுந்தி எதையோ வாசித்துக்கொண்டிருப்பதை ஒரு நாள் கவனித்தாள். நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கிவிட்டன. பசி மாதிரிதான் அது. கௌரவம் பார்க்கிற சாதி இல்லை. நன்றாக வாசிக்கிறோமா, நாலு பேர் மதிப்பார்களா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. போட்டால் போதும் என்று நின்றது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகாமல் காது மெஷின்காரரிடம் போய், படியிறங்கிய கோட்டை மேஜையில் விரித்தாள்.

"இதுல எது வரைக்கும் எனக்கு ஒழுங்காக் கேக்குதுன்னு பென்சிலால ஒரு கோடு போட்டுக் கொடுங்க."

அவர் கோடு போட்டார். அதற்கப்புறம் தன் தொழிலில் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். வீட்டுக்கு வந்து, மெஷினைக் கழற்றிவிட்டு, போன் முள்ளை எதிரே வைத்துக்கொண்டு, கீழ்த்தந்தியில் தொடங்கி ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து ஒரு தாளில் குறித்தாள். கீழ்த்தந்தி சரி. அடுத்தது சரி. மூன்றாவதில் பாதி வரை முள் நடுவிலேயே நின்றது. அங்கிருந்துதான் சரிவு. கண் டாக்டர் சீட்டு மாதிரி தாள் நிறைந்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒன்றரைத் தந்தி போய்விட்டது. அதை இனி அரைத்தும் சரிசெய்ய முடியாது. கீழே உள்ளதெல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் வயலினில் கீழே ரொம்ப தூரம் போக இடமில்லை.

வயோலாவுக்கு இடம் உண்டு. வயலினுக்கு அக்கா மாதிரி இருக்கும் அது, உடம்பும் பெரிது, குரலும் தணிந்தது. வயலினின் மேல் தந்தி அதில் இல்லவே இல்லை. பதிலுக்குக் கீழே ஒன்று கூடுதல். வாத்தியங்களைப் பழுது பார்க்கிறவர் ஒருவர், மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தன் கடையில் இருந்து ஒன்றைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். "யாருக்கு? பேத்திக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றாள். அவர் அவள் தோளையும் கையின் நீளத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அலமாரியில் இருந்ததிலேயே சின்னதை எடுத்துக் கொடுத்தார்.

சின்னதே பெரிதாக இருந்தது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் விரல் எட்டிப் போகவேண்டியிருந்தது. சுண்டுவிரல் சாயந்திரத்துக்குள் மரத்துப்போனது. அதைவிட மோசம் படிப்பு. வயோலாவுக்கு நோட்ஸ் எழுதுகிற முறையே வேறு. நாற்பத்தாறு வருடமாக ஒரு கோட்டில் குடியிருந்த ஸ்வரம் அங்கே இல்லை, வேறொன்று உட்கார்ந்துகொண்டு முறைத்தது. நாலு வரியைப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக் கடையில் அடுத்தவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி 'இது என்ன, இது என்ன' என்று கேட்பார்களே, அதுபோல அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். எரிச்சலில் ஒருமுறை வில்லை மெத்தைமேல் வீசினாள். ஆனால் அந்த அடித்தந்தி. அதில் வில்லை நீளமாக இழுத்தால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே தாடையில் ஏறியது. பல்லிலும் கழுத்து எலும்பிலும் அதிர்ந்தது. அந்த வாசலுக்குக் காது மெஷின் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். அவள் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள், வாயில் எதையோ போட்டுக் கரைய விடுகிறவள்போல. ஆறு மணிக்குக் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "ரேடியோல ஏதாவது கோளாறா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனார்.

இரண்டு மாதம் கழித்து சர்வேயருக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "நடுவுல வயோலா வர்ற மாதிரி ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது, வாசிக்க ஆளில்லாமல் பதினைந்து வருடமாக அலமாரியில் கிடக்கிறது என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. நர்ஸிடமும் சொல்லவில்லை. விஷயத்தை வெளியே விடாமல் இருப்பதில் அவருக்கு ரெண்டே கால் வருட அனுபவம் இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெரிய பெட்டியோடு அவள் கிளினிக்குக்குள் நுழைந்தபோது நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள். சர்வேயர் ஏற்கனவே மூன்று நாற்காலி போட்டிருந்தார். முதல் வயலினின் நாற்காலிக்கு எதிரே புதுக் கட்டு ஒன்று விரித்து வைத்திருந்தது.

"நீ அங்க உக்காரு" என்றாள் அவள்.

"அக்கா, அது உங்க..."

"உக்காரும்மா. மேல எனக்குக் கேக்காது. நடுவுல நல்லாக் கேக்கும்." பெட்டியைத் திறந்தாள். "உனக்குத் தைரியம் இல்லைன்னு நான் சொன்னதெல்லாம் இருக்கே. அதை எடுத்துடு."

நர்ஸ் தன் வயலினை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு மாறினாள்.

"ஒண்ணே ஒண்ணு. தப்பா வாசிச்சா அப்பவே சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த வாரம் வரமாட்டேன்."

ஆரம்பித்தார்கள். மெட்டு முழுக்க நர்ஸிடம் இருந்தது. லென்ஸக்காவுக்கு வந்தவை எல்லாம் இட்டு நிரப்புகிற ஸ்வரங்கள். ஒரே மாதிரி அசைவு, பக்கம் பக்கமாக. ஒன்பது வருடமாக நர்ஸ் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. இருபது அடிகூடப் போயிருக்காது, நர்ஸ் வில்லை நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா... ரெண்டாவது வரி கடைசி. கொஞ்சம் கீழ இருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சூண்டு."

விரலை மயிரிழை நகர்த்தி அதே ஸ்வரத்தை இழுத்தாள். நர்ஸ் இன்னும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். சர்வேயர் தன் தந்தியை ஒருமுறை மீட்டிக் காட்டினார். இரண்டு சத்தமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை நர்ஸ் மேலே ஏறவேண்டிய இடம் வந்தது. ஏறினாள். அந்த உச்சியில் அவள் வாசித்ததில் பாதிதான் லென்ஸக்காவுக்குக் கேட்டது. மீதியை நர்ஸின் முழங்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அப்போது கிளினிக்கின் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். ஒருவர் கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இன்றைக்கு விடுமுறை என்று கதவில் எழுதியிருந்தது அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் தட்டினார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, சத்தமும் கேட்டிருக்கும். நர்ஸ் வயலினை நாற்காலியில் வைத்தாள்; வில்லை வைக்க மறந்து அப்படியே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

சர்வேயர் நிறுத்தவில்லை. லென்ஸக்காவும் நிறுத்தவில்லை. மெட்டு இல்லாமல் அடிக்குரலும் நடுக்குரலும் மாத்திரம் போய்க்கொண்டிருந்தன. பக்கம் முடிந்ததும் அவர் கண்ணால் ஜாடை காட்டினார். கடைசி எட்டு அடிக்குத் திரும்பி, அதையே மறுபடி வாசித்தார்கள், பிறகு மறுபடியும். கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நர்ஸ் வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அதன் வாயைத் திறக்கச் சொல்லி, தன் வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, தானும் வாயைத் திறந்தது.